விழாக் குழுவில் யாருக்கு நாற்காலி?

ஒரு நாட்டின் பெரிய ஆண்டு விழா எப்படி அமையும் என்பது, வாணவேடிக்கைக்குப் பல வருடம் முன்னாலேயே, அதற்கான ஆணையத்தை அமைக்கும் சட்டத்தை எழுதும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அமெரிக்கா தன் சுதந்திரப் பிரகடனத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிய கதையைப் படித்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1966 ஜூலை 4 அன்று, ஜான்சன் அதிபராக இருந்தபோது, அந்த ஆணையத்துக்கான சட்டம் வந்தது. விழாவுக்கு முழுசாகப் பத்து வருடம் இருக்கிறது, தாராளமான அவகாசம்தான். ஆனால் பொது உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் அதிபர் கையில் இருந்தது. அப்புறம் நிக்சன் வந்தார். ஒரே நகரத்தில் பிரம்மாண்டமான உலகக் கண்காட்சி நடத்தலாமா, நடத்தினால் பிலடெல்ஃபியாவிலா பாஸ்டனிலா என்ற பேச்சிலேயே வருடங்கள் ஓடின. பிலடெல்ஃபியா முன்னுக்கு வந்தது. செலவு எக்கச்சக்கம், எங்கள் பகுதியில் வேண்டாம் என்று குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள், 1972இல் திட்டம் கைவிடப்பட்டது. அதே வருடம் ஆணையத்தின் உள் ஆவணங்கள் கசிந்து வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வர, விழாவைக் கட்சி லாபத்துக்கும் கம்பெனிகளின் வியாபாரத்துக்கும் திருப்பப் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெடித்தது.

1973 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஆணையத்தையே கலைத்துவிட்டு, ஜான் வார்னர் தலைமையில் ஒரு சிறிய நிர்வாக அமைப்பைக் கொண்டுவந்தது. விழாவுக்கு மூன்று வருடம்கூட இல்லை. நல்லதெல்லாம் நடந்தது இதற்குப் பிறகுதான்! மையத்தில் ஒரே பெரிய விழா என்ற யோசனையை விட்டுவிட்டு, மாநிலங்களுக்குக் கொஞ்சம் பணம், ஊர்களுக்கு அங்கீகாரம் என்று வேலையைக் கீழே இறக்கினார்கள். அங்கீகாரம் வேண்டும் என்றால் அந்த ஊர் தன் எல்லாத் தரப்பினரும் இருக்கும்படி ஒரு குழு அமைக்க வேண்டும், விழா முடிந்தபின்னும் நிலைத்து நிற்கும் ஒரு காரியமாவது செய்ய வேண்டும். சுமார் 12,000 ஊர்களும் சமூகங்களும் இப்படிச் சேர்ந்தன. 1976 ஜூலை 4 அன்று நியூயார்க் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், எனக்கோ அந்த ஊர்க் குழுக்கள்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

குழுவில் இடம் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னும் நூறு வருடம் பின்னால் போகலாம். 1876 நூற்றாண்டு விழாவுக்கும் ஆணையம் இருந்தது, தலைவர் ஜோசப் ஹாலி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள், ஜூலை 4 நிகழ்ச்சியில் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை அளிக்க அனுமதி கேட்டபோது, நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிட்டது என்று அவர் மறுத்துவிட்டார். அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான சூசன் பி. ஆன்டனியும் இன்னும் நான்கு பெண்களும் மேடைக்கு நேராக நடந்துபோய், தலைமை வகித்தவர் கையில் பிரகடனத்தைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் பிரதிகளை விநியோகித்தபடி வெளியே வந்தார்கள். அப்புறம் பிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபத்துக்கு எதிரே திறந்தவெளியில் நின்று ஆன்டனி அதை வாசித்தார். வாக்குரிமை கேட்டவர்களுக்குச் சுதந்திர விழாவில் சில நிமிடம் ஒதுக்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

250ஆம் ஆண்டுக்கான ஆணையத்தை 2016இல் சட்டமாக்கியபோது பழைய பாடம் ஓரளவு நினைவிருந்திருக்கிறது. பொதுமக்கள் தரப்பில் 16 பேர். இரண்டு அவைகளிலும் இரண்டு கட்சித் தலைவர்களும் ஆளுக்கு நான்கு பேரை நியமிக்கலாம். சரியான ஏற்பாடு. ஆனால் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை மூலம் தன் தலைமையிலேயே தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தார். ஒரே விழாவுக்கு இரண்டு அமைப்புகள், அதில் ஒன்று நேராக அதிபரின் கையில். 1973இல் கலைத்துப் போட்டதை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருவது போலத்தான் எனக்குத் தெரிகிறது. எந்தக் கட்சி அதிபர் செய்திருந்தாலும் இதையேதான் சொல்வேன். இப்படிப்பட்ட அமைப்பு எதுவானாலும் கூட்டக் குறிப்புகள், நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் விழாவுக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். யாராவது கசியவிட்டு, பத்திரிகையில் வந்துதான் தெரிய வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது.