அம்மாவுக்கு ஏன் இரண்டு ஆன்டிபயாட்டிக்?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, சிறுநீரகக் கல்லும் உண்டு. குளிர் காய்ச்சல் வந்து பேச்சும் குழறத் தொடங்கியதும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிபி 80-ஐத் தாண்டவில்லை. "சிறுநீர்ல இருந்த கிருமி ரத்தத்துல பரவியிருக்கு, செப்சிஸ்" என்றார் டூட்டி டாக்டர்.

இரண்டு கைகளிலும் தனித்தனியாகக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுத்த கையோடு மெரோபெனம், கோலிஸ்டின் என இரண்டு மருந்துகளை ஏற்றினார்கள். இப்படி பிபி சரிந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும். ஆனால் எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று கல்ச்சர் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும்.

"ரெண்டு மருந்துன்னா டபுள் பவர்தானே?" என்றார் சித்தப்பா. அப்படி இல்லை. கிருமி தெரியாத நேரத்தில் ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கட்டும் என்பதற்குத்தான் இரண்டு. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி மருத்துவமனைகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வைப் பிறகு படித்தேன். மெரோபெனம் வகைக்கு அடங்காத கிருமி தாக்கியவர்களில் கோலிஸ்டின் மட்டும் பெற்றவர்களையும், அதோடு மெரோபெனமும் சேர்த்துப் பெற்றவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். பலனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் இருந்தது பெரும்பாலும் அம்மாவைத் தாக்கியதல்லாத வேறு கிருமி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவே ஸ்கேன் எடுத்ததில் கல் சிறுநீர்க் குழாயை அடைத்திருந்தது. "அடைப்பை எடுக்காம மருந்து மட்டும் ஊத்தினா பிரயோஜனம் இல்ல தம்பி" என்று யூராலஜி டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்டென்ட் (சிறுநீர் இறங்க வழிவிடும் மெல்லிய குழாய்) வைத்தார். என்னைக் கேட்டால், மருந்துகளைவிட இதற்குத்தான் முதல் மார்க் கொடுப்பேன்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று வந்தது. மருந்துப் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை 'ஆர்', அதாவது கேட்காது. மெரோபெனமும் அதில் அடக்கம். இன்னொரு பக்கம் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது, அது ஏறினால் கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கோலிஸ்டின் கிட்னியைப் பதம் பார்க்கும் மருந்து. இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் தொற்றுநோய் டாக்டர்.

அவர் ஒரு தாளில் எழுதி விளக்கினார். இந்தக் கிருமியிடம் என்டிஎம் என்ற நொதி இருக்கிறது, மெரோபெனத்தை உடைத்துவிடும். அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை அதனால் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமி வேறு சில நொதிகளையும் வைத்திருக்கிறது, அவை அஸ்ட்ரியோனத்தை உடைக்கும். அந்த வேறு நொதிகளைக் கட்டிப்போடுவது அவிபாக்டம். அது தனியாகக் கிடைக்காது, எங்களுக்குக் கிடைத்தது செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்ததுதான். ஆக, செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஒரு பாட்டில், அஸ்ட்ரியோனம் ஒரு பாட்டில். லேபில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, சேர்ந்தால் கிருமி அடங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். இங்கே ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. முதல் நாள் கொடுத்த ஜோடிக்கும் இதற்கும் கணக்கே வேறு. இவ்விரண்டில் தேவையான அஸ்ட்ரியோனம்-அவிபாக்டத்தை ஒரே மருந்தாகச் சேர்த்து 2024-இல் ஐரோப்பாவில் அனுமதித்திருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது தனித்தனி பாட்டில்கள்தான்.

மருத்துவமனை ஃபார்மசியில் அஸ்ட்ரியோனம் இல்லை. சீட்டோடு மொத்த விற்பனைக் கடைகளுக்கு ஏறி இறங்கி வாங்கினோம். விலையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன், நகை அடகுக்குப் போனது. இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில், மெதுவாக ஏற வேண்டும் என்பதால் தனித்தனி பம்ப் வைத்தார்கள். ஒரு பாட்டில் தாமதமானால் நர்ஸ் அக்கா எனக்கு முன்னால் ஃபார்மசிக்குப் போன் போடுவார்.

பிபி ஏற்றும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கிட்னி தேறத் தேற ஆன்டிபயாட்டிக் அளவைக் கூட்டினார்கள். அதைப் பார்த்துப் பயந்தோம். கிட்னி நன்றாக வேலை செய்தால் மருந்தும் சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால்தான் கூட்டுகிறோம் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருந்தும் எதற்கு, எதைப் பார்த்து நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. குணமான பிறகும் இந்த வகைக் கிருமி குடலில் ஒட்டிக்கொண்டிருக்கலாமாம். அதனால் அப்புறம் கல்லையும் ஸ்டென்டையும் எடுக்கப் போனபோது அந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் நீட்டினோம். புதிதாகச் சிறுநீர்க் கல்ச்சர் அனுப்பி, அது வந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.