மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம்

நவம்பர் 4, கல்லடி

செங்கலடியில் சித்தப்பா போய்விட்டாராம். விடியவே கோல் வந்தது. "எத்தனை மணிக்கு எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். 8 வருடத்துக்கு முன்பென்றால் இந்நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்திருப்பேன்.

அம்மா குவைத்தில் இருந்த 4 வருடமும், 7 வயதிலிருந்து 11 வரை, நான் அவர் வீட்டில். என்ன செய்தார் என்று எழுதப்போவதில்லை. அதை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்தாயிற்று.

நவம்பர் 5

போகவில்லை. மழையைச் சாட்டுச் சொன்னேன்.

2017-இல் உளவளத்துணை மிஸ் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டது நினைவு வந்தது. ஒரு முனை நான் பிறந்தது. மறுமுனையைச் சுருட்டியே விட்டார், இனி வரும் காலமாம். நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். அந்த 4 வருடத்தில் கல்லாகவே நெருக்கி வைத்தேன். மிஸ் பேசாமல் காத்திருந்தார். கடைசியில் ஒரு நந்தியாவட்டை வைத்தேன்: பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் நீட்டிய பாலப்பம். பிறகு வாரத்துக்கு ஒரு கல். நான் சொல்ல அவர் எழுதுவார், அடுத்த வாரம் வாசிப்பார், நான் திருத்துவேன். திருத்தும்போதுதான் அது பழைய கதையாக மாறியது.

நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்று பெயர். ஜெர்மனியில் உருவானது. சுனாமிக்குப் பின் நம் வடகிழக்கிலேயே பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்த பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். ஆனால் அது அடிபட்ட சூட்டோடு செய்த வைத்தியம். என்னுடையது 20 வருடத்துக்கு மேல் இறுகிப்போனது.

நவம்பர் 11

எட்டுச் செலவுக்குப் போனேன். "பிள்ளைகளைக் கண்டிப்பா வளர்த்த மனிசன்" என்றார் ஒருவர். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து எஞ்சின் நின்றது. கை அப்படியே நின்றுவிட்டது. மச்சான்தான், ஐஸ் வாங்கப் போய்விட்டு வருகிறான். காலை நிலத்தில் அழுத்தி, எனக்கு 41 வயது, இது 2025 என்று எனக்குள் சொன்னேன். ஒரு நிமிடம் இருக்கும். முன்பு இது 3 நாள் இழுக்கும்.

நவம்பர் 14

அமெரிக்காவில் பட்ரீசியா ரெசிக் என்ற உளவியலாளரின் குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைச் சிகிச்சை முடிந்து 5 முதல் 10 வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்து 2012-இல் எழுதினார்கள். ஐந்தில் நாலு பேர் அளவுக்கு பிடிஎஸ்டி, அதாவது பயங்கரம் முடிந்த பிறகும் விடாமல் தொடரும் மனப்பாதிப்பு, இல்லை. கேள்விப் படிவத்தை நிரப்பினால் நானும் அந்த நாலில்தான் வருவேன். ஆனால் மனைவி இன்றைக்கும் அடுப்படிக்குள் வரமுன் செருமிக்கொண்டுதான் வருகிறாள். அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

நவம்பர் 16

மிஸ்ஸுக்கு எடுத்தேன். அம்பாறைக்கு மாற்றலாகிவிட்டாராம். புதியவரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினேன். கயிறு கொண்டுவரவா என்று கேட்டேன். அங்கேயே இருக்காம், கல்லை மட்டும் கொண்டுவரட்டாம்.