மலிவுக்கு ஒரு காரணம் வேண்டும்: பாஸ்டனிலிருந்து ரெடிங் வரை

கடந்த குளிர்காலத்தின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் அக்காவின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். திரும்பும்போது உறவினர்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் நீளமாக இருந்தது; கையிலிருந்த பணமோ அளவானது. ஆகவே கிடைத்த நாள்களில் பெரும்பகுதியைத் தள்ளுபடிக் கடைகளில் செலவிடுவது என்று முடிவு செய்தேன். ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், எந்த உடையைக் கையில் எடுத்தாலும் முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் பல இடங்களில் என்னைக் காப்பாற்றியது. ஓரிடத்தில் அதை மறந்தேன். அதற்கான விலையையும் கொடுத்தேன்.

முதல் நாள் அக்கா என்னைப் பாஸ்டனின் டவுன்டவுன் கிராசிங் பகுதிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு காலத்தில் ஃபைலீன்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. மேல் மாடிகளில் விற்காமல் தேங்கிய சரக்கைத் தீர்ப்பதற்காக எட்வர்ட் ஃபைலீன் 1909ஆம் ஆண்டு அந்த அங்காடியின் நிலத்தடித் தளத்தில் ஒரு மலிவு விலைக் கடையைத் திறந்தார். அங்கே விற்பனைக்கு வந்த ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் அது கடைக்கு வந்த தேதி குறிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு விற்பனை நாள்கள் கடந்தும் விற்காவிட்டால் விலையில் 25 விழுக்காடு குறையும். மேலும் ஆறு நாள்களில் 50 விழுக்காடு, அதற்கடுத்த ஆறு நாள்களில் 75 விழுக்காடு. முப்பது நாள்கள் ஆன பிறகும் எஞ்சியிருந்தால் அந்தப் பொருள் அறப்பணி நிறுவனத்துக்குப் போய்விடும். வாங்க வருபவரும் சீட்டைப் பார்த்து நாள் கணக்கிடலாம். இன்றே வாங்குவதா, இன்னும் ஆறு நாள் பொறுப்பதா, அதற்குள் வேறொருவர் எடுத்துச் சென்றுவிட்டால் என்ன செய்வது என்று அவரவரே முடிவெடுத்தார்கள். மலிவின் காரணத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த இன்னொரு கடையை நான் அறியேன். அந்த நிலத்தடிக் கடை 2007இல் மூடப்பட்டது. பழைய கட்டடத்தின் முகப்பு இன்றும் நிற்கிறது. பக்கத்தில் கண்ணாடிக் கோபுரம் ஒன்று எழுந்திருக்கிறது. பனி உறைந்த நடைபாதையில் நின்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி போட்ட அந்தச் சீட்டுகள் இன்று நான் அறிந்த எந்தக் கடையிலும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இன்றைய தள்ளுபடிக் கடைகளில் நாம் முதலில் சந்திப்பது வேறொரு வகைச் சீட்டு. அதில் கடையின் விலைக்கு மேலே, "இதனுடன் ஒப்பிடுக" என்ற பொருள்பட ஒரு பெரிய தொகை அச்சிடப்பட்டிருக்கும். கடையின் விலை 39.99 டாலர் என்றால், ஒப்பீட்டு விலை 80 டாலர் என்று இருக்கும். அந்த 80 டாலருக்கு அதே பொருள் அதே கடையில் என்றாவது விற்றது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. அதுபோன்ற ஒரு பொருள் பிற கடைகளில் என்ன விலைக்கு விற்கும் என்று கொள்முதல் செய்பவர்கள் போட்ட மதிப்பீடாகவும் அது இருக்கலாம். பொட்டலத்தின் மேல் உச்ச விலை அச்சிட வேண்டும் என்ற சட்டமும் அமெரிக்காவில் இல்லை. முந்தைய விலை என்று ஒன்றைக் காட்டினால், அந்த விலைக்கு அப்பொருள் போதிய காலம் வழக்கமாகவும் நேர்மையாகவும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1964ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் கூறியிருக்கிறது. ஆனால் கடைக்குள் நிற்கும் நமக்கு அதைச் சரிபார்க்கும் வழி கைபேசியில் தேடிப் பார்ப்பது ஒன்றுதான். ஆகவே ஒப்பீட்டு விலை அச்சிட்ட பகுதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, எஞ்சிய விலைக்கு இந்தப் பொருளை நான் வாங்குவேனா என்று மட்டும் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். கூடையிலிருந்து பாதிப் பொருள்கள் இந்த ஒரு கேள்வியிலேயே மீண்டும் அலமாரிக்குப் போய்விட்டன.

இந்த வகைக் கடைகளுக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டி.ஜே.மாக்ஸ் சங்கிலியின் முதல் கடைகள் 1977இல் இங்கேதான் திறக்கப்பட்டன. பெரிய அங்காடிகள் ரத்து செய்த ஆர்டர், தயாரிப்பாளர் கூடுதலாகத் தைத்துவிட்ட சரக்கு, எல்லா அளவும் இல்லாமல் ஒன்றிரண்டு அளவு மட்டும் மிஞ்சிய உருப்படிகள் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் தேடி வாங்கி விற்பதுதான் இவற்றின் அடிப்படை. இதில் மலிவுக்கு நேர்மையான காரணம் இருக்கிறது: பொருளில் குறை இல்லை, அதை விற்க வேண்டியவருக்குத்தான் அவசரம். ஆனால் அதே அலமாரியில், இந்தக் கடைகளுக்கென்றே தயாரான சரக்கும் கலந்து தொங்குகிறது. இரண்டையும் பிரித்தறியாவிட்டால் சுற்றியதெல்லாம் வீண்.

இரண்டாவது வாரம் அக்காவும் அத்தானும் நானும் காரில் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் புறப்பட்டோம். பயணத்தின் முதல் நாள், நெடுஞ்சாலையோரம் இருந்த அவுட்லெட் வளாகம் ஒன்றில், அதாவது நிறுவனங்கள் தம் சரக்கைத் தாமே மலிவு விலையில் விற்கும் கடைகளின் தொகுதியில், இறங்கினோம். நடந்து களைத்திருந்த நேரம். புகழ்பெற்ற ஆடை நிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும், அதன் வழக்கமான கடையில் மிஞ்சியவை இங்கே பாதி விலைக்கு வந்திருக்கின்றன என்று நம்பி, 59.50 என்பதை அடித்து 29.99 என்று எழுதியிருந்த சட்டைகளில் மூன்றை எடுத்துக்கொண்டேன். உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு விடுதி அறையில் விரித்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. ஓர் அங்குலத்துக்கு ஒன்பது தையல்தான் இருந்தது. பாக்கெட்டின் கோடும் உடலின் கோடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பக்கத் தையலில் துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் ஓடியிருந்தது. பிசிறு கூட வெட்டப்படவில்லை. உதிரிப் பொத்தான் இல்லை. பாஸ்டன் திரும்பியதும் அதே நிறுவனத்தின் வழக்கமான கடைக்குப் போய், அங்கே தொங்கிய சட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அங்குலத்துக்குப் பதினான்கு தையல், மடித்து இரட்டை ஊசியில் தைத்த பக்கங்கள், உட்புறத்தில் உதிரிப் பொத்தான் என எல்லாமே இருந்தன. என் கையிலிருந்த சட்டை இந்தக் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று அங்கிருந்த விற்பனைப் பெண்ணே சொன்னார். அது அவுட்லெட்டுக்கென்றே தைக்கப்பட்டது. 59.50 என்ற அந்தத் தொகைக்கு அந்தச் சட்டை எங்கே விற்றது என்ற என் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அவுட்லெட்டுக்கென்றே தைப்பது சட்டத்துக்குப் புறம்பானதன்று. எல்லாச் சட்டைகளும் மட்டமானவையும் அல்ல. தன் வேலைக்கு ஏற்ற விலையில் விற்றால் அதில் தவறில்லை. ஆனால் மிஞ்சிய சரக்கு என்ற நம்பிக்கையை வைத்தே கூட்டம் வருகிறது என்பதை மறைக்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் 2014இல் அவுட்லெட் விலைகளைப் பற்றி விசாரிக்குமாறு வணிக ஆணையத்தைக் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். அடையாளம் காண ஒரு வழி உண்டு. சில நிறுவனங்கள் அவுட்லெட் சரக்கின் கழுத்துப் பட்டையில் பெயருக்குக் கீழே சிறு கட்டங்களோ புள்ளிகளோ அச்சிடுகின்றன. வேறு சில, தொழிற்சாலை என்ற பொருள்படும் சொல்லைப் பெயரோடு சேர்க்கின்றன. இவை எதுவும் இல்லையென்றால் தையலைத்தான் நம்ப வேண்டும்.

மறுநாள் லான்காஸ்டர் நகரில் அரை நாள் தங்கினோம். ஃபிராங்க் வுல்வொர்த் என்ற வணிகர், எல்லாம் ஐந்து சென்ட் என்ற தன் முதல் கடையை 1879இல் நியூயார்க் மாநிலத்தின் யூடிகாவில் திறந்து, அது சில மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் போன பின், அதே ஆண்டு ஜூன் மாதம் இந்த நகரில் திறந்த கடையில்தான் வெற்றி கண்டார். ஒரே விலை என்ற அந்த எண்ணத்தின் வாரிசுகள் இன்றைய டாலர் கடைகள். 1986இல் எல்லாம் ஒரு டாலர் என்று தொடங்கிய டாலர் ட்ரீ கூட 2021இல் தன் அடிப்படை விலையை 1.25 டாலராக உயர்த்திவிட்டது.

அன்று மாலை நாங்கள் நுழைந்த டாலர் கடை ஒன்றில் அக்கா பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்தார்.

"அக்கா, அளவைப் பாருங்கள்" என்றேன்.

அந்தக் குப்பியில் இருந்தது பத்து அவுன்ஸ், விலை 1.25 டாலர். அதாவது அவுன்ஸுக்குப் பன்னிரண்டரை சென்ட். அதே நிறுவனத்தின் 38 அவுன்ஸ் குப்பியை முந்தைய நாள் பேரங்காடியில் மூன்று டாலருக்குப் பார்த்திருந்தோம். அது அவுன்ஸுக்கு எட்டு சென்ட்டுக்கும் குறைவு. சின்னக் குப்பி கண்ணுக்கு மலிவு, கணக்குக்கு விலை அதிகம். பெரிய மளிகைக் கடைகளில் அலமாரிச் சீட்டிலேயே அவுன்ஸ் ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும் என்பது மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம்; அது இல்லாத இடங்களில் கைபேசியின் கணிப்பானைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதேநேரம் வாழ்த்து அட்டை, பரிசுப் பை, பெட்டிகளை ஒழுங்குபடுத்தும் பிளாஸ்டிக் கூடை போன்றவை அங்கே மெய்யாகவே மலிவு. அளவைக் குறைத்து ஏமாற்ற முடியாத பொருள்களுக்கு டாலர் கடை நல்ல இடம் என்பது என் அனுபவம்.

லான்காஸ்டரிலிருந்து ரெடிங் நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் மிகவும் பார்க்க விரும்பிய இடம் அதுதான். அதன் அருகிலுள்ள வயோமிசிங்கில் பெர்க்ஷயர் நிட்டிங் மில்ஸ் என்ற காலுறை ஆலை இருந்தது; ஒரு காலத்தில் அது உலகிலேயே மிகப் பெரிய காலுறை ஆலைகளில் ஒன்று. ஆலையில் மிஞ்சியதையும் சிறு குறை உள்ளதையும் ஆலை வாசலிலேயே தொழிலாளர்களுக்கு விற்கும் வழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் அவுட்லெட் என்ற எண்ணம். வேனிட்டி ஃபேர் என்ற ஆடை நிறுவனம் 1970களில் அந்த ஆலைக் கட்டடங்களில் பல கடைகள் கொண்ட வளாகத்தை நடத்தத் தொடங்கியது. பேருந்து பேருந்தாக மக்கள் வந்து குவிந்தார்கள். ரெடிங் தன்னை உலகின் அவுட்லெட் தலைநகர் என்றே அழைத்துக்கொண்டது. அந்த வளாகமும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. செங்கல் கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டு அலுவலகங்களாகியிருக்கின்றன. ஒரு சன்னலருகே நின்றபோது, செக்கிங் மேசையில் நான் ஒதுக்கி வைத்த ஆயிரக்கணக்கான உருப்படிகள் நினைவுக்கு வந்தன. ஒரு நூல் இழுபட்டது, சாயத்தில் ஒரு நிழல் வேறுபட்டது என்று குறையின் பெயரை எழுதித்தான் ஒதுக்குவோம். உண்மையான அவுட்லெட் சரக்கு அதுதான். குறை இன்னதென்று தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதை வாங்குபவர் முடிவு செய்வார்.

திரும்பும் முன் கவனித்த இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் உள்ள விலையில் விற்பனை வரி அடங்காது. பணம் கட்டும்போதுதான் சேரும். பென்சில்வேனியாவில் பெரும்பாலான துணிகளுக்கும், மாசசூசெட்ஸில் 175 டாலர் வரையிலான உடை ஒவ்வொன்றுக்கும் வரி இல்லை; ஆனால் பெட்டி, கைப்பை போன்றவற்றுக்கு உண்டு. அடுத்தது, விமானத்தில் 23 கிலோ என்ற எடை வரம்பு. அதைத் தாண்டிக் கட்டும் கூடுதல் கட்டணம் மொத்தத் தள்ளுபடியையும் விழுங்கிவிடும் என்பதால், கடைசி வாரத்தில் ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிப் பார்த்த பிறகே வாங்கினேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஃபிரேமிங்ஹாமில் ஒரு தள்ளுபடிக் கடையின் கடைசி வரிசையில் அந்தக் கம்பளி மேலங்கியைக் கண்டேன். சீட்டின் மேல் சிவப்புச் சீட்டு, அதன் மேல் மஞ்சள் சீட்டு என்று மூன்று விலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. பிப்ரவரி முடிகிறது, வசந்த கால உடைகளுக்கு இடம் வேண்டும். மிகச் சிறிய அளவு மட்டுமே மிஞ்சியிருந்தது. அது அக்காவுக்குச் சரியாகப் பொருந்தும். கோடுகள் தோள்பட்டையில் கச்சிதமாகச் சந்தித்தன, உள்துணியின் தையல் நெருக்கமாக இருந்தது. முன்பக்கம் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் காணவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடைசிக் குறைப்பு என்று பணம் வாங்கிய பெண் சொன்னார். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ரசீதில் முத்திரையும் வைத்தார்.

"ஒரு பொத்தானுக்காகக் கடை கடையாகத் தேட வேண்டுமே" என்று அக்கா தயங்கினார்.

அன்றிரவு உள்துணியின் அடி ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன். பராமரிப்புக் குறிப்புப் பட்டைக்குக் கீழே, அதே நிறத்தில், அதே நான்கு துளைகளோடு உதிரிப் பொத்தான் ஒன்று தைத்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் விளக்கை அருகில் நகர்த்தி வைத்தார். நான் நூலைப் பிரித்து எடுத்தேன். அக்கா ஊசி கோத்தார்.