வில்லியம்ஸ் குரோவில் ஆறு மாதம்: ஸ்பிரிண்ட் காரைப் படம் பிடிக்கப் பழகிய கதை

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி கார் பந்தயத் திடலில் எடுத்த படங்கள் 412. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் போட்டுப் பார்த்ததில் தேறியது ஒன்றுகூட இல்லை. மங்கலாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பளிச்சென்று கூர்மையாகத்தான் இருந்தன. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்திருந்தேன். சக்கரத்தில் இருக்கும் போல்ட்டைக்கூட எண்ணலாம். ஆனால் மணிக்கு நூறு மைலுக்கு மேல் பறந்த வண்டி, சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்ததுபோல அப்படியே நிற்கிறது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள விடலையா? பார்க்கிங்லயே எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

நாங்கள் பென்சில்வேனியாவில் மெக்கானிக்ஸ்பர்க்குக்குக் குடிவந்து நாலு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் தெற்கே எங்கோ ஒரு ரீங்காரம் கேட்கும். மரம் அறுக்கும் ஆலை என்றே மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 1939-இலிருந்து பந்தயம் நடக்கும் வில்லியம்ஸ் குரோவ் ஸ்பீட்வே என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அரை மைல் நீள்வட்டம். தார் கிடையாது, களிமண். கேமரா ஏற்கெனவே இருந்தது. சென்னையில் இருந்தபோது பறவை படம் எடுக்க வாங்கி, நாலைந்து கொக்கோடு அலமாரிக்குப் போனது. சரி, இதற்காவது உதவட்டும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் களிமண்ணில் ஓடும் ஸ்பிரிண்ட் காரை முதல்முறை பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. 410 கன அங்குலம், அதாவது சுமார் 6.7 லிட்டர் வி8 எஞ்சின். 900 குதிரைசக்தி. மொத்த எடை சுமார் 640 கிலோ. நம்ம ஆல்டோவைவிடக் குறைவு. இவ்வளவும் இருந்து அதற்குத் தானாக ஸ்டார்ட் ஆகத் தெரியாது. ஸ்டார்ட்டர் இல்லை, பேட்டரி இல்லை, கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஒரு பிக்கப் டிரக் பின்னால் வந்து பம்பரை முட்டுக்கொடுத்துத் தள்ளும். கொஞ்ச தூரம் உருண்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸை இறங்கித் தள்ளிய அனுபவம் உள்ள எவருக்கும் அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. ஆனால் எஞ்சின் பிடித்த அந்த நொடியில் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. காதடைப்பான் கொண்டுபோகாத முதல் நாளும் கடைசி நாளும் அதுதான்.

ஏப்ரலில் இரண்டு வெள்ளி மழையில் போயின. மீதி இரண்டில் ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1/500-இல் சக்கரம் லேசாகச் சுழல ஆரம்பித்தது. 1/250-இல் பின்னணிக் கூட்டம் கோடுகோடாக இழுபட்டது. 1/125-க்கு வந்தபோது படம் என்று சொல்லக்கூடிய ஒன்று கிடைத்தது. காரின் வேகத்துக்குக் கேமராவையும் சேர்த்துத் திருப்பும் பேனிங்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் இடுப்பு பழக வேண்டும். பாதத்தை வண்டி போய்ச் சேரும் பக்கம் பார்த்து ஊன்றிக்கொண்டு, உடம்பை வண்டி வரும் பக்கம் முறுக்கி, அதோடு சேர்ந்து முறுக்குப் பிரிந்து வரவேண்டும். கிளிக் ஆனதும் நிறுத்திவிட்டால் போச்சு; அம்மிக் குழவியை இழுத்து அரைப்பதுபோல முழு வீச்சும் போய்த்தான் கை நிற்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று போகிற வருகிற கார்களை வைத்துப் பயிற்சி செய்தேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார்.

நேர்கோட்டில் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் ஸ்பிரிண்ட் காரை நேர்கோட்டில் எடுப்பதில் என்ன இருக்கிறது? எல்லாக் கூத்தும் திருப்பத்தில்தான். அங்கே எடுத்தால் ஒன்று மூக்கு தெளிவாக இருக்கும், வால் கலங்கியிருக்கும்; இல்லை, வால் தெளிவு, மூக்கு காணோம். முழு வண்டியும் தெளிவாக ஒரு படம்கூட இல்லை. லென்ஸில் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைப் புரியவைத்தவர் என் மாமனார். ஜூன் மாதம் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டி, லாரி வைத்து, லாரியைப் பிரித்து மாட்டியவர். வில்லியம்ஸ் குரோவில் உட்கார்ந்து ஹீட் எனும் தகுதிப் பந்தயம் இரண்டை வாய் திறக்காமல் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, வண்டி கோணிக்கிட்டே போகுதே, இதுல டிஃபரன்ஷியல் இல்லைங்களா?"

"இல்லைங்க மாமா. பின் ஆக்ஸில் ஒரே துண்டு. ரெண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுத்தும்."

"அப்ப எப்படித் திரும்பும்?"

வலது பின் டயர் இடது டயரைவிடப் பெரியது என்று காட்டினேன். இந்த வித்தியாசத்தை ஸ்டாகர் என்பார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அட, டம்ளரைப் படுக்க வெச்சு உருட்டிவிட்ட மாதிரி! வாய்ப்பக்கம் பெருசு, அடி சிறுசு. தானா வட்டம் போடும்." நான் இணையத்தில் மூன்று கட்டுரை படித்தும் மண்டையில் ஏறாதது அந்த எவர்சில்வர் டம்ளரில் ஏறிவிட்டது. மேலே இருக்கும் இறக்கையைத்தான் அவர் நம்பவில்லை. ஐந்தடிக்கு ஐந்தடி, 25 சதுர அடித் தகடு. பார்க்கக் கூரை மாதிரி இருக்கும். வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போது அதன் பக்கப் பலகைகளில் காற்று மோதி, வெளியே ஓடப் பார்க்கும் வண்டியை உள்பக்கம் தாங்குகிறது. அதை ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்றதும், "காத்தைப் புடிச்சு ஓட்டறானுங்களா!" என்றார். அன்றைக்கு வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆச்சரியப்படவில்லை.

அவர் கேள்வியில்தான் என் படத்துக்கும் விடை இருந்தது. திருப்பத்தில் வண்டி முன்னோக்கி மட்டும் போகவில்லை; போய்க்கொண்டே தன்னைத்தானே சுழற்றுகிறது. மூக்கு ஒரு வேகம், வால் இன்னொரு வேகம். கேமரா ஏதாவது ஒன்றோடுதான் போக முடியும். அதனால் முழு வண்டிக்கும் ஆசைப்படுவதை விட்டுவிட்டு ஹெல்மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். 1/160, ஹெல்மெட் தெளிவு, மற்றதெல்லாம் எக்கேடோ கெடட்டும். அந்த வாரம் 380 படத்தில் நாலு தேறியது. என் கணக்குப்படி அது அறுவடை.

இதற்கிடையில் மே மாதம் வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் வந்து போனது. 1978-இல் டெட் ஜான்சன் ஆரம்பித்த தொடர். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓட்டுகிறார்கள். ஸ்டீவ் கின்சர் இதில் 20 முறை சாம்பியன். அவரை ராஜா என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். ஏ மெயின் எனும் இறுதிப் பந்தயம் தொடங்கும் முன் நாலு நாலு கார்களாக வரிசை கட்டி மெதுவாக ஒரு வணக்கச் சுற்று வருவார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளூர்க்காரர்களின் ரோஷம். இங்கத்திய ஓட்டுநர்களுக்குக் கூட்டாக 'பென்சில்வேனியா போஸி' என்று பெயர். வெள்ளி இங்கே, சனி லிங்கன் திடலிலோ போர்ட் ராயல் திடலிலோ ஓட்டுகிறவர்கள். லான்ஸ் டிவீஸ் இந்தத் திடலில் மட்டும் நூறு பந்தயத்துக்கு மேல் ஜெயித்தவர். ஊர் ஊராகச் சுற்றும் அவுட்லாஸ்காரர்களை ஒரு உள்ளூர்க்காரர் முந்தும்போது எழும் சத்தம் எஞ்சினையே அமுக்கிவிடுகிறது. எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டில் உள்ளூர் மாடு பிடிபடாமல் போனால் எழுமே, அந்தச் சத்தம்.

என் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபதை நெருங்கும் அம்மா. இருக்கையில் விரித்த கம்பளி, மடியில் ஒரு நோட்டு, காதில் செருகிய பென்சில். எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது: "உங்க முழங்கை என்னோட நாலாவது திருப்பத்தை மறைக்குது." இடம் மாறி அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் யார் முன்னால், யார் எந்தத் தடத்தில் என்று எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு சுற்று 17, 18 நொடிதான்; அதற்குள் பார்த்து, எழுதி, திட்ட வேண்டியவரைத் திட்டியும்விடுவார்.

தடத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். சாயங்காலம் மண் ஈரமாக இருக்கும். டயர் கடித்துப் பிடிக்கும். களிமண் உருண்டைகள் கம்பி வேலி தாண்டி வந்து நம் உருளைக்கிழங்கு வறுவலில் விழும். நேரம் ஆக ஆக நடுத்தடம் காய்ந்து வழுக்கி, கறுத்துப் பளபளக்கும். உதிரி மண்ணெல்லாம் வெளிவிளிம்பில் வரப்பு மாதிரி குவியும். அதைக் குஷன் என்கிறார்கள். வலது பின் சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்துக்கொண்டு முழு வேகத்தில் போகலாம். ஓர் அடி தள்ளிப் போனால் வண்டி பல்டி அடிக்கும். கீழிருந்து ஒருவர் பாய்ந்து, சறுக்கிக்கொண்டே மேலேறி, எதிராளியின் மூக்குக்கு முன்னால் போய் நிற்பதற்கு ஸ்லைடு ஜாப் என்று பெயர். இடம் விட்ட எதிராளி உடனே கீழே வெட்டி மறுபடி முந்துவார். தார்ச் சாலைப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து இரண்டு மணிநேரம் கொட்டாவி விட்டவன் நான். இங்கே 25 சுற்று, நிற்காமல் ஓடினால் எட்டு நிமிடம்கூட ஆகாது. கண் சிமிட்டினால் முதலிடம் மாறியிருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து முழுத் திடலும் தெரிகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் காட்டினார். ஓட்டுநர் காதில் இருப்பது ஒருவழி ரேடியோ. பந்தய அதிகாரி பேசுவது மட்டும்தான் கேட்கும், அணியோடு பேச முடியாது. அதனால் மெக்கானிக்குகள் உள்திடலில் நின்று இரண்டு கையிலும் குச்சியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். குச்சிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, பின்னால் வருபவன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறான். 900 குதிரைசக்திக்குத் தகவல் சொல்ல இரண்டு குச்சி! அந்தக் குச்சிக்காரர்களை ஒரு ராத்திரி முழுக்க எடுத்தேன். கார் ஒன்றுகூட இல்லாத அந்தப் படங்கள்தான் இதுவரை எனக்கு மிகவும் பிடித்தவை.

ஜூலையில் ஒரு பல்டி. மூன்றாம் திருப்பத்தில் நாலைந்து முறை உருண்டது. என் விரல் ஷட்டரிலேயே இருந்தது, 14 படம் பதிவாகிவிட்டது. சிவப்புக் கொடி. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை; பக்கத்து அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஓட்டுநர் வெளியே வந்து எழுந்து நின்று கையைத் தூக்கியதும்தான் கைதட்டல், செல்போன்கள் எல்லாம். 14 படமும் கலங்கல். கை நடுங்கியிருக்கிறது.

ஆகஸ்டில் அயோவாவில் நாக்ஸ்வில் நேஷனல்ஸ். 1961-இலிருந்து நடப்பது, இந்த ரசிகர்களுக்குத் திருவிழா. ஸ்பிரிண்ட் கார் அருங்காட்சியகமும் திடலை ஒட்டியே இருக்கிறது. இங்கிருந்து சுமார் 1,000 மைல். விடுப்பு கிடைக்காததால் வீட்டில் நேரலையில் பார்த்தேன். படம் துல்லியம், விவரணை அருமை, வறுவலில் மண் இல்லை. 50 சுற்று இறுதிப் போட்டியில் பாதியிலேயே தூங்கிப்போனேன்.

செப்டம்பர் முதல் வாரம் நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பந்தயம் முடிந்ததும், அணிகள் வண்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் பிட்டுக்குள் ரசிகர்களை விடுவார்கள். குழந்தைகள் ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநர்கள் முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் தவிர எல்லாம் மண். தரையெங்கும் ஹெல்மெட்டிலிருந்து உரித்துப் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். இறக்கையில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவரிடம், அன்றைக்கு எடுத்ததில் நல்ல படத்தைக் கேமராத் திரையில் காட்டினேன். அவர் ஓட்டுநருடைய ஹெல்மெட்டைப் பார்க்கவே இல்லை. வலது பின் டயரைப் பெரிதாக்கச் சொன்னார். டயரின் பக்கச் சுவர் மடிந்து சுருங்கியிருந்ததை உற்றுப் பார்த்தார். இறக்கை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று விரலால் அளந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னை மறந்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் கேட்டார்: "இது எத்தனையாவது சுற்று?"

எனக்குத் தெரியாது. படம் எடுத்த நேரத்தைப் பார்த்தால் சனிக்கிழமை காலை 7.48 என்று காட்டுகிறது. சென்னையில் வாங்கியபோது வைத்த நேரம். நாலு வருடமாக மாற்றவே இல்லை. ஒன்பதரை மணிநேரம் கழித்தால் ராத்திரி 10.18. அதை வைத்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போய் வாகன நிறுத்தத்தில் பக்கத்து இருக்கை அம்மாவைப் பிடித்து, படத்தைக் காட்டினேன். முன்னால் போகும் கார், பின்னால் வரும் கார் இரண்டின் எண்ணையும் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். "பதினேழு. அடுத்த சுற்றில் இவன் ரெண்டு இடம் விட்டான்" என்றார்.

திரும்பி வந்து சொன்னபோது மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டு, படத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் முகவரியை என் கையிலேயே எழுதினார். அக்டோபரில் இதே திடலில் நேஷனல் ஓப்பன் பந்தயம் வருகிறது. கேமரா கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டேன். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கியாகிவிட்டது. ஒரே நேரத்தில் இடுப்பையும் திருப்பி எண்ணையும் எழுதுவது எப்படி என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.