பெரியப்பாவின் பெட்டியோடு மூன்று ராத்திரி

நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை, இசைத்தட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு வானொலிக்காரன் மாதிரி விடிய விடிய ஓட்டிப் பார்க்க வேண்டும். இடம், சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடி.

இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. வானொலி நிலையம். 1934இல் தொடங்கியது. பெரிய நிலையங்களுக்கு இருந்த நேரடி இசைக்குழு வசதி அதற்கு இல்லை. கையில் இருந்தது தட்டுதான். 1935இல் 'மில்க்மேன்ஸ் மேட்டினி' என்று ராத்திரி முழுக்கத் தட்டு போடும் நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். ஸ்டான் ஷா நடத்தினார். பால்காரருக்கு மேட்டினி ஷோ! ஊர் தூங்கும்போது வேலை பார்க்கிறவனுக்கு அதுதானே மேட்டினி.

தட்டுக்கு நான் அலையவில்லை. குடியாத்தம் பெரியப்பா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "இன்னாடா, ராத்திரி பூரா யாருக்குடா பாட்டு போடப் போற, பேய்க்கா?" என்றார்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் உடையாமல் 31, நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு நாலு, பிளேயர் இரண்டு. ஒன்று இரும்பு ஊசி போடுகிற பழைய மாடல். ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றியாக வேண்டும். தேய்ந்த முனை அடுத்த தட்டின் பள்ளத்தைச் சுரண்டிவிடும். இன்னொன்று நாலு வேகம் உள்ளது. அதில் முள்ளைத் திருப்பிப் போடலாம்: ஒரு பக்கம் 78க்கு, மறுபக்கம் எல்பிக்கு. 78இன் பள்ளம் அகலம், அதற்கான முள் எல்பி முள்ளைப்போல் சுமார் மூன்று மடங்கு தடிமன். இது தெரியாமல் எல்பி முள்ளில் 78ஐப் போட்டுவிட்டு, தட்டு போச்சு என்று நான் அழாத குறை.

முதல் ராத்திரிக்கு முன் ஒரு கணக்கு. ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம், நடுவே அரை நிமிடம் பேச்சு. ஐந்து மணி நேரத்துக்கு 80 பக்கம் வேண்டும், என்னிடம் 62தான். நாலு மணி வருவதற்குள் பெட்டி காலி. மிச்சத்துக்கு எல்பி. அமெரிக்க வானொலியிலும் எல்பிதான் ராத்திரி ஆட்களைக் காப்பாற்றியது. 1960களின் கடைசியில் ஒரு பக்கத்தையே நிரப்பும் பாட்டுகள் வந்ததும், அதைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய்வர நேரம் கிடைத்தது.

அந்த ராத்திரி முழுத் தோல்வி. முள்ளை வைத்துவிட்டு சுவிட்ச் போட்டால், வேகம் பிடிக்கும் வரை பாடகர் குகைக்குள்ளிருந்து முனகுகிறார். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் வீல் வேறு கெட்டியாகிக் கிடந்தது. உப்புத்தாளில் தேய்த்ததும் கொஞ்சம் தேறியது. இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு நாய் மட்டும் நிகழ்ச்சியைத் தொடர்ந்தது.

இரண்டாவது ராத்திரிதான் கை கற்றுக்கொண்டது. வானொலிக்காரர்களின் வித்தை இது: சுற்றுமேடை முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தட்டை மட்டும் விரலால் பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். பாட்டு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அரைச் சுற்று பின்னால் இழுத்து, பேசி முடிக்கும் கடைசிச் சொல்லில் விட்டுவிட வேண்டும். மேடைக்கும் தட்டுக்கும் நடுவில் வழுக்கும் துணி தேவை. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரர் லைனிங் துண்டு கொண்டுவந்தார். வட்டமாக வெட்டிப் போட்டேன். இருபது முறை சொதப்பி, இருபத்தொன்றாவது முறை பாட்டு 'டக்'கென்று எழுந்தபோது தனியாகக் கை தட்டினேன்.

ஓய்ந்த நேரத்தில் நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டுகளில் 'வானொலியில் ஒலிபரப்ப அனுமதி இல்லை' என்றே அச்சடித்திருப்பார்கள். இசைக்குழுத் தலைவர் பால் வைட்மேனும் தட்டு தயாரித்த ஆர்.சி.ஏ.வும் இதே டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நிலையத்தை நடத்திய கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். விற்றுவிட்ட தட்டை வானொலியில் போடுவதைத் தடுக்க முடியாது என்று 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னேன். "காசு குடுத்து வாங்கின பிளேட்டுடா" என்று முடித்துவிட்டார்.

அங்கே இருந்த அறிவிப்பாளர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அலிசன் ஸ்டீல். 1966இல் அந்த நிலையத்தின் எஃப்எம்முக்குப் பெண்களையே அறிவிப்பாளர்களாக வைத்தார்கள். அடுத்த வருடமே அந்த யோசனையைக் கைவிட்டபோதும் இவர் தங்கினார். ராத்திரி நேரம் கிடைத்ததும் 'இரவுப் பறவை' ஆனார். ஆண்டீஸ் மலைப் புல்லாங்குழல் பின்னணியில் கவிதை சொல்லித்தான் தொடங்குவார். நானும் தாழ்ந்த குரலில் கவிதை சொல்லிப் பார்த்தேன். பதிவைக் கேட்டால் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இருக்கிறது.

நம் நாட்டிலும் ராத்திரி வானொலி இல்லாமல் இல்லை. ஆகாசவாணியின் தேசிய அலைவரிசை 1988இல் வந்தது. நாக்பூரில் 1,000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 1566 கிலோஹெர்ட்ஸ். பகலில் மீடியம் வேவை உறிஞ்சும் மேல்வானத்து அடுக்கு ராத்திரியில் இல்லாமல் போவதால் வெகுதூரம் கேட்டது. 2019இல் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது ராத்திரிக்கு ஒரு நேயர் கிடைத்தான்: சித்தி மகன், பால் வண்டி டிரைவர். இரண்டரைக்குக் காட்பாடியில் லோடு ஏற்றியதும் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து டேஷ்போர்டில் மாட்டிக்கொண்டான். நான் போனை ஸ்பீக்கர் பெட்டி முன்னால் நிறுத்தினேன். ஒரே ஒருவனிடம் பேசுகிறோம் என்று தெரிந்ததும் குரல் தானாக இறங்கியது. எழுதி வைத்திருந்த அறிவிப்புகளைப் பிறகு தொடவே இல்லை. ஊசி மாற்ற இரண்டு முறை மறந்தேன். ஒரு தட்டு கீறல் விழுந்தது. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலரைக்கு, பாக்கெட் எல்லாம் இறக்கிவிட்டு அவன் பேசினான்: "அண்ணா, பாட்டு சூப்பரா கீது. நீ பேசறப்பதான் கண்ணு சொக்குது. வண்டி ஓட்றேன்னா."