மருந்துக்கு முன் அடித்தண்டைப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயல்களில் பெரும்போக நெல் பச்சை கட்டியதும், இலையில் சிறு குறை தெரிந்தவுடனேயே கிருமிநாசினி தெளிக்கும் அவசரம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. கபில நிறத் தத்தி என்னும் சிறு பூச்சி இலையில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டில் கூட்டமாக ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. வட்ட வட்டமாகப் பயிர் கருகிய பின்னரே பலரும் குனிந்து பார்க்கிறார்கள். நெருக்கமாக விதைத்து, யூரியாவையும் அளவுக்கு மிஞ்சி இட்ட வயலில் இது வேகமாகப் பெருகும். முற்கூட்டியே அடிக்கும் மருந்து, தத்தியைத் தின்னும் சிலந்திகளையே முதலில் கொன்றுவிடுகிறது. தத்தி தென்பட்டால் சில நாட்கள் வயல்நீரை வடிய விடுவது நல்ல பலன் தரும்.

வீட்டுத்தோட்ட மிளகாயிலும் இவ்வாறே உற்றுப் பார்க்க வேண்டும். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. பனிப்பூச்சிக்கு, 50 கிராம் வேப்பம்பருப்புத் தூளை 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தணிந்த மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். நிலாவெளிப் பக்கத்து மணலில் நீர் தங்காது என்பதால், சருகு மூடாக்கும் அவசியம்.