வயிறு அமுங்கிய கிடாருக்கு ஒரு அலுமினியக் கோன்

விலை மலிந்த கிடாரில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் இடத்தில் பலகை உள்ளே அமுங்கிவிட்டால், அதைச் சரிசெய்யும் கூலி பெரும்பாலும் கிடாரின் விலையையே தாண்டிவிடும். கடைக்காரர்கள் பார்த்ததும் கையை விரிப்பது அதனால்தான். ஆனால் பலகைக்குப் பதிலாக உள்ளே ஓர் உலோகக் கோன் (கூம்பு) சத்தம் எழுப்பும் ரெசொனேட்டர் கிடார் செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உடைசல் கிடையாது. அமுங்கிப் போன அந்தப் பகுதியைத்தான் முதல் வேலையாக வட்டமாக அறுத்து எடுக்கப் போகிறோம். நெக், அதாவது கிடாரின் கழுத்து, முறிந்தது, நெக் முறுக்கிக்கொண்டது, இதோடெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். நெக் நேராக இருந்து வயிறு மட்டும் போன கிடார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எனக்குக் கிடைத்தது அக்கா மகளுடையது. காலேஜில் படிக்கும்போது வாங்கினாள். வேலைக்கு பெங்களூர் போனபோது பரணில் ஏற்றிவிட்டுப் போனாள். மேலே சிமென்ட் சீட் கூரை. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பரணில் கை வைக்க முடியாது. கம்பிகளைத் தளர்த்தாமலே வைத்திருந்தாள். சாதாரண ஸ்டீல் கம்பி செட் முழுச் சுருதியில் நிற்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும். இரவும் பகலும் அந்த இழுப்பு, கூடவே சூட்டில் இளகும் பசை. பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து, அதன் முன்னால் பலகை குழிந்து, பின்னால் பொங்கி, உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று விட்டுப்போயிருந்தது. "போட்டுருங்க மாமா, அது போயிருச்சு" என்றாள் போனில்.

எனக்கு அது போனதாகத் தோன்றவில்லை. நான் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்பவன். அப்பாவும் அதே வேலைதான். பம்ப் கேசிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் மரத்தில் அச்சு செய்து கொடுப்போம். அதைவிடப் பெரிய காரணம், சறுக்கி வாசிக்கும் நாதத்தின் மேல் எனக்கு இருக்கும் பித்து. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் கோட்டுவாத்தியத்தை முதலில் கேட்டபோது, ஃபிரெட் எனப்படும் மெட்டே இல்லாத தண்டின் மேல் ஒரு கருங்காலிக் கட்டையை நகர்த்தி இவ்வளவு பாட முடியுமா என்று அசந்து போனேன். அப்புறம் பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார், 1994இல் கிராமி வாங்கிய விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை என்று தேடித் தேடிக் கேட்டேன். அமெரிக்காவின் பழைய ப்ளூஸ் இசைக்காரர்கள் கையில் பளபளக்கும் உலோக உடல் கிடாரைப் பார்த்ததும் அந்தத் தேடலில்தான்.

அந்த உலோகக் கிடார்களின் கதை 1920களின் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. அப்போது மின்கிடார் வரவில்லை. மேடையில் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே கிடார் சத்தம் எடுபடாது. ஹவாய் பாணியில் மடியில் வைத்து வாசித்த ஜார்ஜ் பீச்சம் என்பவர், சத்தம் கூடிய ஒரு கிடார் வேண்டும் என்று ஜான் டோபியேராவிடம் போனார். டோபியேரா இன்றைய ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறியவர், வயலின் குடும்பத்து வாத்தியங்களைப் பழுது பார்த்தவர். மெல்லிய அலுமினியத்தில் மூன்று கோன்கள் வைத்து அவர் வடிவமைத்த கிடார், நேஷனல் என்ற பெயரில் 1927இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில வருடங்களிலேயே ஒற்றைக் கோன் வைத்த இரண்டு வகைகளும் வந்துவிட்டன. ஒன்றில் 9½ அங்குலக் கோன் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். அதன் உச்சியில் ஒரு சின்ன மரவட்டு. அதற்குப் பெயர் பிஸ்கட். இன்னொன்று டோபியேரா சகோதரர்கள் டோப்ரோ என்ற பெயரில் செய்தது. அதில் 10½ அங்குலக் கோன் கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்திருக்கும், அதன் விளிம்பில் எட்டுக் கால் சிலந்தி மாதிரி ஓர் உலோகச் சட்டம் உட்காரும்.

நான் பிஸ்கட் வகையை எடுத்துக்கொண்டேன். சிலந்திச் சட்டத்தை வார்க்க வேண்டும், எடை சரியாக வர வேண்டும். முதல் கிடாருக்கு அது அதிக வேலை.

சாதாரண கிடாரில் கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகும். பலகைதான் காற்றைத் தள்ளும். அதனால்தான் நல்ல கிடாருக்கு நல்ல மரம் வேண்டியிருக்கிறது. ரெசொனேட்டரில் அந்த வேலையைக் கோன் எடுத்துக்கொள்கிறது. கம்பி தன் அடியில் நிற்கும் சேடில் என்ற சின்னக் கட்டையை அழுத்தும், சேடில் பிஸ்கட்டை, பிஸ்கட் கோனை. கோனின் விளிம்பு ஒரு படியில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒட்டவே கூடாது. பலகை அதைத் தாங்கினால் போதும், பாட வேண்டாம். விலை மலிந்த பிளைவுட் கிடார் நல்ல ரெசொனேட்டராக மாறுவது இதனால்தான். மரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கோன் சுமாராக இருக்கக் கூடாது.

அதனால் கோனிலிருந்துதான் தொடங்கினேன். எவர்சில்வர் தட்டு, பெயிண்ட் டப்பா மூடி, கேக் தட்டு என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்பவர்கள் உண்டு. சத்தம் வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். கம்பியின் சின்ன அசைவுக்கே அது எழுந்து ஆடும். எஃகுத் தட்டு மூக்கால் பாடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அலுமினியத் தகட்டை லேத்தில் சுழலவிட்டு, அச்சின் மேல் ஒரு கோலால் அழுத்தி அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவரும்போது தகடு இறுகும். மெல்லியதாகவும் விறைப்பாகவும் ஒரே நேரத்தில் இருப்பது அப்படித்தான். நல்ல கோன்களை அன்று முதல் பெரும்பாலும் அப்படிச் சுழற்றித்தான் செய்கிறார்கள்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து கோன் வரவழைக்க வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. பாத்திரம் செய்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார், வயதில் பெரியவர். மரத்தில் அச்சை நானே கடைந்து எடுத்துக்கொண்டு போனேன். 9½ அங்குல விட்டம், ஒரு அங்குல உயரம், உச்சியில் பிஸ்கட் உட்கார ஒரு சமதளம். தகட்டைக் கையில் கொடுத்ததும் அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இத்தனை மெல்லிசுல என்ன பாத்திரம் பண்ணறீங்க? அடுப்புல வெச்சா ஒரு நாளைக்குத் தாங்காதுங்களே" என்றார்.

"பாத்திரம் இல்லீங்கண்ணா, கிடாருக்குள்ள வெக்கறதுக்கு. தட்டினா சத்தம் வரணும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. நான் பார்த்தவரை கை கொஞ்சம் அழுத்தினால் சுருக்கம் விழும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிழியும். அவர் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பாக இழுக்காமல், சின்னச் சின்னத் தடவலாகப் போய்ப் போய் வந்தார். சில தகடுகள் கிழிந்தன. பிறகு ஒன்று முழுசாக இறங்கியது. விளிம்பைச் சுருட்டி முடித்து, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவரே இன்னொன்று செய்யட்டுமா என்று கேட்டார். இப்படிப்பட்ட கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கேட்கத்தான் ஆட்கள் குறைவு.

இனி மர வேலை. கோனின் நடு எங்கே வர வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. நெக்கின் தலைப்பில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்குப் பெயர் நட். நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து சேடிலுக்கும் அவ்வளவு தூரம். அழுத்தி வாசிக்கும் கிடாரில் சேடிலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சறுக்கி மட்டுமே வாசிக்கப் போவதால் எனக்கு அது தேவைப்படவில்லை. இந்தக் கணக்குப்படி வட்டம் போட்டால் அது ஏற்கனவே இருக்கும் ஒலித்துளையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போகும். சாதாரண அளவுள்ள கிடார்களில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதனால் துளையை முதலில் பிளைவுட் வட்டு வைத்து அடைத்து, பசை காய்ந்த பிறகு பெரிய வட்டத்தை ஜிக்சாவால் அறுத்தேன். குழிந்த பலகை, கழன்ற பிரிட்ஜ், விட்டுப்போன சட்டம் எல்லாம் ஒன்றாகக் கையில் வந்தன.

அடுத்தது கோன் உட்காரும் படி. பலகைக்கு அடியில் பிளைவுட் வளையங்களை அடுக்கி ஒட்ட வேண்டும். மேல் இரண்டு வளையம் 12 மில்லிமீட்டர் தடிமன், கோன் உள்ளே இறங்குகிற அளவு. அதற்குக் கீழே ஒன்று, உள்விட்டம் குறைந்தது. அந்தக் குறைந்த ஓரம்தான் படி. ஆனால் வளையம் அறுத்த துளையைவிடப் பெரியது, முழு வளையமாக உள்ளே போகாது. பலர் கிடாரின் முதுகைக் கழற்றுவது இதற்காகத்தான். பேட்டர்ன் வேலையில் இதற்கு எங்களுக்கு ஒரு வழி பழக்கம். வளையத்தைத் துண்டு துண்டாகச் செய்து, ஒரு அடுக்கின் மூட்டு அடுத்த அடுக்கின் மூட்டுக்கு நேராக வராமல் தள்ளித் தள்ளி ஒட்டுவோம். துண்டுகளைத் துளை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, கிளாம்ப் போட்டு ஒட்டினேன். முதுகைத் தொடவே இல்லை.

நெக்கின் அடிக்கட்டையிலிருந்து வால்பக்கக் கட்டை வரை ஒரு பழைய தேக்குச் சட்டத்தைக் கோனுக்குக் கீழாக இறுக்கி வைத்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். மேல்பலகையில் இவ்வளவு பெரிய வட்டம் போன பிறகு, கம்பிகளின் இழுப்பைத் தாங்க அங்கே எதுவும் மிச்சமில்லை. சட்டம் இல்லாவிட்டால் கிடார் மெல்ல மெல்ல மடங்கும்.

கம்பி இனி பிரிட்ஜில் கட்டப்படாது, வால்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். கதவுக் கீல் ஒன்றில் ஆறு துளை போட்டு டெயில்பீஸ் ஆக்கினேன். கோனுக்கு மேல் மூடுவதற்கு மாவு மில் சல்லடைக்கு விற்கும் ஓட்டைத் தகடு. சத்தம் வெளியே வர அதுவே போதும் என்றாலும், தோள்பகுதியில் இரண்டு வட்டத் துளை போட்டு டீ வடிகட்டி வலையைப் பொருத்தினேன். பார்க்க நன்றாக இருக்கிறது.

முழு வேலையிலும் நுட்பமான இடம் கம்பி சேடிலின் மேல் மடியும் கோணம்தான். அந்த மடிப்பு எவ்வளவோ அவ்வளவு எடை கோனின் தலையில் இறங்கும். 70 கிலோ இழுப்பில் 6 பாகை மடிந்தால் ஏறத்தாழ 7 கிலோ. அது கோனை நன்றாகப் படியில் உட்கார வைக்கும். மடிப்பு குறைந்தால் கோன் படியில் நடுங்கி இரையும். அதிகமானால் நசுங்கும். தேக்கில் பிஸ்கட், ஈட்டி மரத்தில் சேடில் செய்து, சேடிலை உயரமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் குறைத்தேன். நட்டின் மேலும் ஒரு பித்தளைத் துண்டு வைத்துக் கம்பியை உயர்த்தியாயிற்று. இனி இதில் விரலால் அழுத்தி வாசிக்க முடியாது, மடியில் வைத்துச் சறுக்கத்தான் முடியும்.

சுருதி ஓபன் ஜி, எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு வரும். ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும், மற்றவை அப்படியே. இறக்கிக் கட்டுவதால் பழைய கிடாருக்குச் சுமையும் குறைகிறது. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்கள் கட்டுகிற உயர்ந்த ஜி சுருதியை இந்த மாதிரி மாற்றிய கிடாரில் கட்ட வேண்டாம். மெதுவாகச் சுருதி ஏற்றும்போது தாழ்ந்த கம்பியில் மட்டும் ஒரு இரைச்சல் வந்தது. கம்பியைத் தளர்த்தி, கோனைக் கால் சுற்று திருப்பி உட்கார வைத்து மறுபடி ஏற்றினேன். போய்விட்டது. கோன் ஒரு இடத்தில் படிந்து உட்கார இரண்டு மூன்று நாள் எடுக்கும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனை வரை கேட்கிறது. மரக் கிடாரின் சாயல் துளியும் இல்லை. மீட்டியதும் உரக்க எழுந்து சட்டென்று அடங்குகிறது. பிஸ்கட் வகையின் குணம் அது. நாட்டுப்புற மெட்டு, கும்மி, தெம்மாங்கு எல்லாம் இதில் துள்ளிக்கொண்டு வருகின்றன. ஆனால் ஒரு மீட்டலில் நீளமாக இழுத்து ராகம் பாடப் போனால், கமகம் முடிவதற்குள் நாதம் தீர்ந்துவிடுகிறது. இடையில் இன்னொரு தடவை மீட்ட வேண்டியிருக்கிறது. கோட்டுவாத்தியத்தில் அடியில் ஓடும் அனுநாதத் தந்திகள் அந்த இழைவைப் பிடித்துக்கொள்ளும், இங்கே அது இல்லை. கையில் இருப்பது லேத்தில் பாலிஷ் போட்ட 20 மில்லிமீட்டர் எஃகு ராடு. எடை கூடிய ராடு வைத்தால் நாதம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது, ஆனால் வேகமான இடங்களில் கை பின்தங்குகிறது.

நீண்ட நாதம் வேண்டுமென்றால் டோபியேராவின் முதல் வடிவத்துக்குத்தான் போக வேண்டும், மூன்று சின்னக் கோன்கள், மேலே டி வடிவப் பிரிட்ஜ். 6 அங்குல அச்சை ஏற்கனவே கடைந்து வைத்துவிட்டேன். அனுப்பர்பாளையத்து அண்ணன் தகடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அக்கா மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் பிரிட்ஜ் பிய்ந்த கிடார் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நெக்கைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.